கம்பி அறுந்தால் என்ன ஆக வேண்டும்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, பள்ளி முடிந்து பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது பழைய மாணவர் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்கல்விப் பிரிவில் என்னிடம் அடிப்படை மின் பொறியியல் படித்தவர். ஒரு தொழிற்சாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

“சார், இன்னைக்கு ஒரு பேனல் ஒயரிங் பண்ணச் சொன்னாங்க. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான் ஸ்டார்ட், ஸ்டாப் புரோகிராம் போட்டேன். நல்லா ஓடுச்சு. சூப்பர்வைசர் வந்து பார்த்தாரு. ஸ்டாப் பட்டன்ல இருந்து ஒரு ஒயரைக் கழட்டி விட்டுட்டு, ‘இப்ப நிறுத்து’ன்னாரு. நிக்கவே இல்ல சார். ‘யாரு தம்பி இப்படிச் சொல்லிக்குடுத்தது?’ன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல சார்.”

அது சோதனைப் பலகை. அதில் மோட்டார் கூட இணைக்கப்படவில்லை, ஒரு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சூப்பர்வைசர் கேட்ட கேள்விக்கு விடை நான்தான். இரண்டு ஆண்டுகள், இரண்டு வகுப்புகளுக்கு, நிறுத்தும் பட்டனைத் தவறாக இணைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பாடத்தை நடத்தும்போது எல்லாம் சரியாக இயங்கியது. மாணவர்கள் மதிப்பெண்ணும் வாங்கினார்கள்.

இந்தக் கட்டுரை அந்தத் தவற்றைப் பற்றியும், அதன்பின் என் செய்முறை வகுப்பை எப்படி மாற்றிக்கொண்டேன் என்பதைப் பற்றியும்தான். தொழிற்கல்வி நடத்தாத ஆசிரியர்களும் படிக்கும் இதழ் என்பதால் முதலில் கருவியைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன்.

பி.எல்.சி. என்பது என்ன?

ஸ்பின்னிங் மில், பால் பாக்கெட் நிரப்பும் இயந்திரம், குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என எங்கு போனாலும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வரிசையாகச் சிறு விளக்குகள் மின்னும் ஒரு கருவி இருக்கும். அதுதான் பி.எல்.சி. ஒரு பக்கம் பட்டன்கள், சென்சார்கள், மிதவைச் சுவிட்சுகள் ஆகியவற்றின் கம்பிகள் வந்து சேரும். மறுபக்கத்திலிருந்து மோட்டாரை இயக்கும் கான்டாக்டர்களுக்கும் வால்வுகளுக்கும் விளக்குகளுக்கும் கம்பிகள் போகும். எந்தச் செய்தி வந்தால் எதை இயக்க வேண்டும் என்பதை நடுவில் உள்ள புரோகிராம் தீர்மானிக்கும்.

இதற்குமுன் அந்த வேலையை ரிலேக்கள் செய்தன. ஒரு கார் தொழிற்சாலையில் ஆண்டுதோறும் மாடல் மாறும்போது நூற்றுக்கணக்கான ரிலேக்களின் கம்பிகளைப் பிரித்து மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ரமாட்டிக் பிரிவு, கம்பியை மாற்றாமல் செயலை மட்டும் மாற்றக்கூடிய ஒரு கருவி வேண்டும் என்று கேட்டது. டிக் மோர்லியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய மோடிகான் 084 அந்தத் தேவையை நிறைவேற்றியது. அவர்கள் நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதால் அந்த எண்.

அவர்கள் எடுத்த ஒரு முடிவு ஆசிரியர்கள் கவனிக்கத்தக்கது. புதிய கருவிக்கு ஒரு புதிய கணினி மொழியைத் திணிக்காமல், எலக்ட்ரீஷியன்கள் அதுவரை பார்த்துப் பழகிய ரிலே வரைபடத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஏணிபோல இரு பக்கமும் இரண்டு கோடுகள், நடுவில் படிகள். அதனால் அதற்கு லேடர் என்று பெயர். 1993இல் வெளிவந்த ஐ.இ.சி. 61131-3 என்ற பன்னாட்டுத் தரநிலையிலும் லேடர் ஒரு மொழியாக இடம்பெற்றது. ரிலேயும் ஸ்டார்ட்டரும் படித்த பதினொன்றாம் வகுப்பு மாணவர் அரை மணி நேரத்தில் அதைப் படிக்கத் தொடங்கிவிடுவார்.

அந்த எளிமையில்தான் நான் சறுக்கினேன்.

நான் செய்த தவறு

நான் பி.எல்.சி. கற்றது கணினித் திரையில். ஐந்து நாள் பயிற்சி, அதன்பின் வீட்டில் சுயமாகப் பழகியது. திரையில் ஒரு பட்டன் படம் இருக்கும். அதைச் சுட்டியால் அழுத்தினால் 1, விட்டால் 0. நிறுத்தும் பட்டனுக்கும் அதே படம்தான். எனவே புரோகிராமில் இப்படி எழுதினேன்: ஸ்டார்ட் பட்டன் 1 ஆக இருந்தால், ஸ்டாப் பட்டன் 1 ஆக இல்லாமல் இருந்தால், மோட்டார் ஓடட்டும். மோட்டார் ஒருமுறை ஓடத் தொடங்கியதும் ஸ்டார்ட் பட்டனிலிருந்து கையை எடுத்தாலும் தொடர்ந்து ஓட, மோட்டாரின் நிலையையே ஸ்டார்ட்டுக்குப் பக்கவாட்டில் சேர்த்தேன். இதுவரை பாடநூல் மாதிரியே இருக்கிறது. திரையில் அழகாக ஓடியது. ஸ்டாப்பை அழுத்தினால் நின்றது.

இப்போது இதை உண்மையான கம்பியில் போட்டுப் பார்ப்போம். பட்டன் இரண்டு வகை. சாதாரணமாகத் திறந்திருந்து, அழுத்தினால் மூடுவது என்.ஓ. வகை. சாதாரணமாக மூடியிருந்து, அழுத்தினால் திறப்பது என்.சி. வகை. என் முறைப்படி ஸ்டாப் பட்டன் என்.ஓ. ஆகிறது. அழுத்தும்போது மட்டும் அதன் வழியாக 24 வோல்ட் பி.எல்.சி.க்குப் போகும். அந்தக் கம்பி எலி கடித்தோ, அதிர்வில் திருகு தளர்ந்தோ அறுந்துவிட்டது என்று வையுங்கள். எந்த அறிகுறியும் தெரியாது. மோட்டார் வழக்கம்போல் ஓடும். நிறுத்த வேண்டிய அந்த ஒரு நொடியில் எவ்வளவு பலமாக அழுத்தினாலும் பி.எல்.சி.க்கு எந்தச் செய்தியும் போகாது.

ஸ்டாப் பட்டனை என்.சி. வகையாகப் போட்டால் கதையே வேறு. அழுத்தாதபோது 24 வோல்ட் எப்போதும் பி.எல்.சி.க்குப் போய்க்கொண்டே இருக்கும். அழுத்தினால் நின்றுவிடும். கம்பி அறுந்தாலும் நின்றுவிடும். பி.எல்.சி.க்கு இரண்டும் ஒன்றுதான். மோட்டார் நின்றுவிடும், ஆள் வந்து பார்ப்பார், கம்பியைக் கட்டுவார்.

இதைக் கரும்பலகையில் சொல்வது எளிது. புரோகிராம் எழுதும்போது மாணவர்கள் அனைவரும் ஓரிடத்தில் தடுக்கி விழுவார்கள். வெளியே என்.சி. பட்டன் போட்டால், உள்ளே புரோகிராமில் திறந்த தொடர்புக் குறியைப் போட வேண்டும். “வெளியே மூடியது, உள்ளே திறந்ததா? தப்பா இருக்கே சார்!” என்பார்கள். நான் முதலில், அப்படித்தான் போட வேண்டும், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்றேன். மனப்பாடம் மறுவாரம் தலைகீழானது.

இப்போது நான் சொல்வது இது. லேடரில் இருக்கும் குறி பட்டனின் படம் அல்ல. அது ஒரு கேள்வி. ஒரு குறி, “மின்சாரம் வந்திருக்கிறதா?” என்று கேட்கிறது. சாய்கோடு போட்ட குறி, “வராமல் இருக்கிறதா?” என்று கேட்கிறது. பி.எல்.சி. தன் வாசலில் நிற்கிறது; வாசலுக்கு வெளியே என்ன பட்டன் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வாசலில் மின்சாரம் வந்திருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே தெரியும். ஸ்டாப் கம்பியில் மின்சாரம் வந்திருந்தால்தான் ஓடலாம் என்பது நம் விருப்பம். அப்படியானால் எந்தக் கேள்வியைப் போடுவீர்கள்? இப்படிக் கேட்டால் பெரும்பாலோர் தாமாகவே சரியான குறியைப் போட்டுவிடுகிறார்கள். குறிகளின் பெயரைக்கூட நான் முதல் இரண்டு வாரம் சொல்வதில்லை. ‘இருக்கிறதா குறி’, ‘இல்லையா குறி’ என்றே வகுப்பில் வழங்குகிறோம்.

அடுத்து, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு கேள்வி எழுதச் சொல்கிறேன்: இந்தக் கம்பி அறுந்தால் என்ன ஆக வேண்டும்? என்ன ஆகும் என்று கேட்பதில்லை, என்ன ஆக வேண்டும் என்று கேட்கிறேன். பள்ளியின் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தொட்டியில் நீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு மிதவை, மேல்தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்க ஒரு மிதவை. கீழ் மிதவையின் கம்பி அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நீரின்றி ஓடி எரிந்துபோகும். இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மேல் மிதவையில்தான் சண்டை. “அறுந்தா நிக்கணும் சார், இல்லன்னா வழிஞ்சு வீணாப் போகும்” என்று ஒரு பக்கம். “நின்னுட்டா கழிப்பறையில தண்ணி இருக்காது சார். வழிஞ்சா யாராவது பார்த்து நிறுத்துவாங்க” என்று ஒரு மாணவி. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பார்க்க ஆள் இருக்கும் இடமா, இரவில் தானாக ஓடும் இடமா என்று அவர்களே பிரித்துப் பேசி முடிவு எழுதினார்கள். அந்தப் பாடவேளையில் ஒரு வரி புரோகிராம்கூட எழுதவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

அவசர நிறுத்தப் பட்டன் வேறு விஷயம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். உயிரைக் காக்கும் அந்தப் பட்டன் புரோகிராமை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அழுத்தினால் மோட்டாருக்கான மின்வழியைப் பி.எல்.சி.யைக் கேட்காமலேயே துண்டிக்கும்படி அதைக் கம்பியிலேயே அமைப்பார்கள்.

பி.எல்.சி.யாக நடிப்பது

கருவியே இல்லாத பள்ளியிலும் நடத்தக்கூடிய ஒரு செயல்பாடு இது. கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர் எங்கள் வகுப்பைப் பார்த்துவிட்டு ஒன்பதாம் வகுப்பிலும் செய்துபார்த்தார்.

பி.எல்.சி. மூன்று வேலைகளை மாறிமாறிச் செய்கிறது. வாசலில் வந்திருக்கும் செய்திகளை எல்லாம் ஒரே மூச்சில் படித்துக் குறித்துக்கொள்கிறது. குறித்ததை வைத்துப் புரோகிராமை மேலிருந்து கீழே படிப்படியாகக் கணக்கிடுகிறது. கடைசியில் முடிவுகளை வெளியே அனுப்புகிறது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து. உண்மையான கருவியில் இந்த ஒரு சுற்றுக்குச் சில மில்லிநொடிகள்தான் ஆகும். வகுப்பில் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறோம்.

பின்வரிசையில் நான்கு மாணவர்கள் அட்டையுடன் நிற்பார்கள். அவர்கள்தான் பட்டன்கள். அட்டையை உயர்த்தினால் 1, தாழ்த்தினால் 0. ‘படிப்பவர்’ ஒருமுறை திரும்பிப் பார்த்து, நான்கு எண்களைக் கரும்பலகையின் இடப்பக்கம் எழுதுவார். ‘கணக்கர்’ பட்டன்களுக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பார். அவர் பார்ப்பது கரும்பலகையை மட்டும். புரோகிராமின் ஒவ்வொரு படியையும் கணக்கிட்டு முடிவை வலப்பக்கம் எழுதுவார். அவர் ‘முடிந்தது’ என்ற பிறகே ‘அனுப்புபவர்’ வலப்பக்கத்தைப் பார்த்து டார்ச்சை எரிய விடுவார் அல்லது அணைப்பார்.

இரண்டு சுற்று சரியாகப் போகும். மூன்றாவது சுற்றில் கணக்கர் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பட்டன் மாணவருக்குச் சைகை காட்டுவேன். அவர் அட்டையைச் சட்டென்று உயர்த்தித் தாழ்த்திவிடுவார். டார்ச் எரியாது. “நான் அழுத்தினேன் சார், அவன் பாக்கல!” என்று கூச்சல் எழும். அந்தக் கூச்சலைத்தான் நான் எதிர்பார்த்திருப்பேன். விரலால் அழுத்தும் பட்டன் ஒரு சுற்றைவிட அதிக நேரம் அழுந்தியிருக்கும், பி.எல்.சி. அதைத் தவறவிடாது. ஆனால் வேகமாக ஓடும் பட்டையில் சிறு பொருள் ஒன்று சென்சாரைக் கடக்கும் நேரம் ஒரு சுற்றைவிடக் குறைவாக இருந்தால், எண்ணிக்கை தவறும்.

இந்த நடிப்பின் பயன் சில வாரம் கழித்துத்தான் முழுமையாகத் தெரிந்தது. ஒரு குழு, மோட்டாரைக் கையால் இயக்க ஒரு படி, தானாக இயக்க இன்னொரு படி என்று எழுதி, இரண்டின் முடிவிலும் அதே மோட்டாரைப் போட்டிருந்தது. தானியங்கி முறை வேலை செய்தது. கைமுறை எப்படி அழுத்தியும் வேலை செய்யவில்லை. பட்டனை மாற்றிப் பார்த்தார்கள், கம்பியை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் கணக்கராக நடித்த மாணவி எழுந்து கரும்பலகைக்குப் போனார். மேல் படியின்படி மோட்டாருக்கு 1 எழுதினார். கீழ்ப் படியின்படி அதை அழித்து அதே இடத்தில் 0 எழுதினார். “அனுப்புறவன் பாக்கும்போது இதுதான் இருக்கும்” என்றார். ஒரே வெளியீட்டை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது. இரண்டு வழிகளையும் ஒரே படியில் பக்கவாட்டில் சேர்க்க வேண்டும். வேலையில் பல ஆண்டு இருப்பவர்களும் செய்யும் பிழை இது. நான் விளக்க எதுவும் மிஞ்சவில்லை.

பழுது மேசை

புரோகிராம் எழுதுவதற்கு நான் இப்போது ஒதுக்கும் நேரம் குறைவு. வேலைக்குப் போகும் நம் மாணவர்கள் முதல் சில ஆண்டுகளில் புதிய புரோகிராம் எழுதப்போவதில்லை. நின்றுபோன இயந்திரத்தின் முன் நிற்கப்போகிறார்கள். பின்னால் ஷிப்ட் பொறுப்பாளர் நிற்பார். அந்த நிலைக்கு நாம் பழக்குகிறோமா?

எங்கள் வகுப்பில் ஒரு மேசையைப் பழுது மேசை என்று ஒதுக்கியிருக்கிறோம். ஒட்டுப்பலகையில் ஒரு சிறிய பி.எல்.சி., 24 வோல்ட் மின்வழங்கி, நான்கு பட்டன், இரண்டு மிதவைச் சுவிட்ச், மூன்று விளக்கு. நன்றாக இயங்குவதை மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, அவர்களை வெளியே அனுப்பி ஒரு பழுதை வைப்பேன். ஒரு கம்பியைத் திருகிலிருந்து இழுத்துவிடுவேன். எரிந்த ஃபியூஸைப் போடுவேன். புரோகிராமில் ஓர் எண்ணை மாற்றிவிடுவேன். உள்ளே வந்து கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வாரம் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். மேல் மிதவையின் கம்பியை எடுத்துவிட்டிருந்தேன். மோட்டாருக்குப் பதிலாக இருந்த விளக்கு எரியவில்லை. கணினியில் கெட்டிக்காரனான மாணவன் ஒருவன் நேராகக் கணினிக்குப் போனான். புரோகிராமைத் திறந்தான். மிதவையின் குறியை நீக்கிவிட்டுப் புரோகிராமை மறுபடி ஏற்றினான். விளக்கு எரிந்தது. “ஓடுது சார்!” வகுப்பு கைதட்டியது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நானும் ஒரு கணம் மகிழ்ந்துபோனேன்.

“இப்ப தொட்டி நிறைஞ்சா?” என்று கேட்டேன். அவன் திரையைப் பார்த்தான், மிதவையைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

தொழிற்சாலைகளில் இது நடக்காமல் இல்லை. சென்சார் தொல்லை கொடுக்கிறது என்று அதைத் தாண்டிப்போகும்படி செய்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. பி.எல்.சி. மென்பொருள்களிலேயே ஓர் உள்ளீட்டை வலிந்து 1 ஆக்கும் வசதி உண்டு. சோதனைக்காகக் கொடுக்கப்பட்ட வசதி அது. அதை எடுக்க மறந்து போனால், பாதுகாப்புக் கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே இயந்திரம் நினைக்கும்.

அன்றிலிருந்து ஒரு விதி. கணினியைத் தொடுவதற்குமுன் ஏட்டில் எழுத வேண்டும். ஏட்டில் மூன்று பத்திகள்: பார்த்தது, நினைத்தது, செய்தது. முதல் இரண்டும் நிரம்பாமல் மூன்றாவதற்குப் போகக் கூடாது.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பட்டனிலிருந்து மோட்டார் வரை சந்தேகப்பட வேண்டிய இடங்களை வரிசையாக எழுதச் சொன்னால் எட்டோ பத்தோ வரும். ஒன்றாம் இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போவது மாணவர்களின் இயல்பு. நடுவில் தொடங்கச் சொல்கிறேன். பி.எல்.சி.யின் வெளியீட்டு விளக்கு எரிகிறதா? எரிந்தால், பி.எல்.சி. கட்டளை கொடுத்துவிட்டது, புரோகிராமையும் பட்டன்களையும் விட்டுவிடலாம். எரியாவிட்டால், மோட்டார் பக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒரே பார்வையில் பாதி சந்தேகம் போய்விட்டது. மிச்சப் பாதியில் மறுபடி நடு. எட்டு இடத்துக்கு மூன்று கேள்வி போதும், பதினாறுக்கு நான்கு. கணித ஆசிரியர்களுக்கு இது பழக்கமானதுதான். ஒன்றிலிருந்து நூறு வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள், நான் ஏழு கேள்வியில் கண்டுபிடிக்கிறேன் என்று தொடக்கப்பள்ளியில் ஆடும் விளையாட்டும் இதுவே.

ஒரு நாள் எரிந்த ஃபியூஸ் வைத்திருந்தேன். மூன்று குழுக்கள் தனித்தனி நேரத்தில் முயன்றன. இரண்டு மாணவிகள் கொண்ட குழுவின் ஏட்டில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். பார்த்தது: வெளியீட்டு விளக்கு எரிகிறது, மோட்டார் விளக்கு எரியவில்லை. நினைத்தது: புரோகிராமில் தப்பு இல்லை. செய்தது: வெளியீட்டு முனையில் மீட்டர் வைத்தோம், 0 வோல்ட். அடுத்த வரியில், பொது முனையில் 0 வோல்ட், ஃபியூஸுக்கு முன்னால் 24 வோல்ட். அவ்வளவுதான். மற்ற இரு குழுக்களும் வெளியீட்டு விளக்கு எரிவதைப் பார்த்தும், மின்சாரம் வெளியே போய்விட்டது என்று முடிவுகட்டி மோட்டார் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறு விளக்கு காட்டுவது கட்டளையை. கட்டளை நிறைவேறியதா என்பதை மீட்டர்தான் சொல்லும்.

இன்னொரு பழுது, நான் வைக்காமலே வந்தது. ஒரு மாணவன் உள்ளீட்டு எண்களை வரிசையாக எழுதி, “எட்டாம் எண்ணே இல்ல சார், கருவியே கெட்டுப்போச்சு” என்றான். மிட்சுபிஷியின் எஃப்.எக்ஸ். வரிசைக் கருவிகளில் உள்ளீடுகள் 0 முதல் 7 வரை போய், அடுத்தது 10 என்று தொடங்கும். எட்டின் அடுக்கில் எண்ணுகிறது. அடுத்த வகுப்பில் இருந்த கணித ஆசிரியரை அழைத்து வந்தேன். எண் அடுக்குகளைக் காகிதத்துக்கு வெளியே முதன்முதலாகப் பார்ப்பதாக அவரே சொன்னார்.

தேவையானவை

எங்களிடம் உள்ள கருவி, பேனல் செய்யும் ஒரு பட்டறையில் கழித்து வைத்திருந்தது. அதுவும் இல்லாதவர்களுக்கு ஓபன்பி.எல்.சி. என்ற கட்டணமில்லா மென்பொருள் இருக்கிறது. அதில் லேடர் எழுதித் திரையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஆர்டுயினோ, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு பலகைகளிலும் ஏற்றலாம். திரையோடு நின்றுவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். ஒரு பட்டன், ஒரு விளக்கு, இரண்டு கம்பியாவது மாணவர் கையில் இருக்கட்டும். திரையில் கம்பி அறுவதில்லை. நான் தவறியது அங்கேதான்.

மாணவர் கை படும் எதிலும் 24 வோல்ட்டுக்கு மேல் வைக்காதீர்கள். 230 வோல்ட் வரும் மின்வழங்கியின் முனைகளை மூடிவிடுங்கள். கம்பியை மாற்றும்போது மின்சாரத்தை அணைப்பது, மறுபடி அணைந்திருக்கிறதா என்று மீட்டரால் பார்ப்பது, இரண்டும் முதல் நாளிலிருந்தே பழக வேண்டும்.

தேர்வு பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் கேள்விகள் பெரும்பாலும் ‘வரைந்து விளக்குக’ என்றே முடிகின்றன. பழுது கண்டறிய ஒரு மதிப்பெண்கூட இல்லாவிட்டால், மாணவர் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்வார். பள்ளி அளவிலான செய்முறைத் தேர்வில் நான் மூன்று பத்தி ஏட்டுக்கு மதிப்பெண் கொடுக்கிறேன். பழுதைக் கண்டுபிடிக்காதவருக்கும், பார்த்ததை ஒழுங்காக எழுதியிருந்தால் மதிப்பெண் உண்டு. தொடக்க வகுப்புகளிலும் இதைச் செய்யலாம். எரியாத டார்ச் ஒன்றைக் கொடுங்கள். பேட்டரியா, பல்பா, சுவிட்சா? பிரிப்பதற்குமுன் என்ன பார்த்தாய், என்ன நினைக்கிறாய் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

என்னிடம் தவறாகப் படித்துப்போன இரண்டு வகுப்பு மாணவர்களில் எண் கிடைத்தவர்களுக்கெல்லாம் பேசினேன். சிலர் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். ஒருவர், “தெரியும் சார், இங்க வந்து மாத்திக்கிட்டேன்” என்றார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டதற்குச் சிரித்தார்.

முதலில் அழைத்த அந்த மாணவர் சென்ற ஆண்டு ஒரு வார விடுமுறை நாளில் பள்ளிக்கு வந்தார். பழுது மேசையைக் காட்டி, உங்கள் சூப்பர்வைசர் செய்த சோதனையைச் செய்யுங்கள் என்றேன். ஸ்டாப் பட்டனின் கம்பியை இழுத்தார். விளக்கு அணைந்தது. கீழ் மிதவையின் கம்பியை இழுத்தார். அணைந்தது. என் மாணவர்கள் பெருமையாகப் பார்த்தார்கள். அவர் கம்பிகளைத் திரும்ப மாட்டி விளக்கை எரிய வைத்தார். பிறகு ஸ்டாப் பட்டனுக்குப் போகும் இரண்டு கம்பிகளின் முனைகளையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு, “அறுந்தா நிக்குது. ரெண்டு ஒயரும் நசுங்கி ஒட்டிக்கிட்டா?” என்றார்.

ஸ்டாப்பை அழுத்தினார்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

இதற்காகத்தான் ஆபத்தான இயந்திரங்களின் அவசர நிறுத்தப் பட்டனில் இரண்டு தனித்தனித் தொடர்புகளும், இரண்டும் ஒன்றாக மாறுகின்றனவா என்று கண்காணிக்கும் பாதுகாப்பு ரிலேயும் வைக்கிறார்கள் என்று அவர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். நான் கடைசிப் பலகையில் உட்கார்ந்து அதை வரைந்துகொண்டேன். இந்த ஆண்டு பழுது மேசையில் ஒரு சிறு கம்பித் துண்டும் இருக்கிறது.